கோயில் புல்வெளியில் அடைகாக்கும் டிக்கோப்: துணை கைவிட்டுவிட்டதா?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் புல்வெளியில் ஒரு டிக்கோப் (தரையில் முட்டையிடும் நீண்ட கால் பறவை) இரண்டு முட்டை இட்டிருக்கிறது. எப்போது பார்த்தாலும் ஒரே பறவைதான் அடையில் இருக்கிறது. இன்னொன்று மாமரத்தடியில் சும்மா நிற்கிறது. துணை கைவிட்டுவிட்டதா? வெயிலுக்குக் குடை வைக்கலாமா? புரட்டாசிக் கூட்டம் வேறு வரப்போகிறது.

பதில்: கவலை வேண்டாம், கைவிடவில்லை. மரத்தடியில் நிற்பதுதான் துணை. அது காவல் காக்கிறது. டிக்கோப்பில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், ஆள் மாறியிருந்தாலும் நமக்குத் தெரியாது. ஏறக்குறைய 24 நாள் இரண்டும் முறைவைத்து அடைகாக்கும்.

ஆனால் அடிக்கடி மாறாது. புல்லோடு புல்லாகத் தெரியும் நிறம்தான் அதற்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு முறை மாறும்போதும் கூடு இருக்கும் இடம் காகத்துக்கும் கீரிக்கும் தெரிந்துவிடும். 2016இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, டிக்கோப்புக்கு உறவான 32 வகைக் கரைப்பறவைகளின் 700க்கும் மேற்பட்ட கூடுகளை ஒப்பிட்டது. ஒரு பறவை ஒரு தடவை அடையில் உட்காரும் நேரம் சில இனங்களில் ஒரு மணி நேரம் போலத்தான், சிலவற்றில் அரை நாளையும் தாண்டுகிறது. ஒளிந்து அடைகாப்பவை நீண்ட நேரம் உட்காருகின்றன; எதிரியைத் துரத்திக் கத்துபவை சட்டுசட்டென்று மாறுகின்றன. நம் விளையாட்டு மைதானங்களில் இரும்பைத் தட்டுவதுபோல் 'டிங்க் டிங்க்' என்று கத்தும் ஆள்காட்டி இந்த இரண்டாம் ரகம்.

இடமும் வெயிலும் முறையை மாற்றும். மணல்வெளியில் கூடு கட்டும் உப்புக்கொத்தி இனங்கள் பலவற்றில் பகலில் பெண், இரவில் ஆண் என்பது வழக்கம். வெயில் ஏற ஏற ஆணும் பகல் முறைக்கு வருகிறது, ஏனென்றால் சுடும் மணலில் முட்டையைத் தனியே விட்டால் வெந்துவிடும். அல்லி இலைமேல் கூடு கட்டும் ஆப்பிரிக்க இலைக்கோழியில் அடைகாப்பது முழுக்க ஆணின் வேலை.

குடை வேண்டவே வேண்டாம். உச்சி வெயிலில் அந்தப் பறவையே எழுந்து, முட்டைமேல் நிழல் விழும்படி நிற்கும். அதைப் பார்த்து 'அடையை விட்டு எழுந்துவிட்டது' என்று நினைத்து நெருங்காதீர்கள். குடை இருந்தால் தாய் தயங்கும், காகம் கவனிக்கும்.

கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் ஐந்தாறு மீட்டர் தள்ளிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுங்கள். புல் வெட்டும் மெஷின் அதற்குள் போகக் கூடாது. சனிக்கிழமைக் கூட்டத்துக்கு மறுபக்கமாக வழி விடுங்கள். பறவை சிறகை விரித்து உங்களை எதிர்த்து நின்றால், கயிறு இன்னும் தள்ளிப் போக வேண்டும் என்று அர்த்தம். நாய்களை உள்ளே விடவே கூடாது.

குஞ்சு பொரித்ததும் ஓரிரு நாளில் கூட்டை விட்டு நடந்துவிடும். அப்புறம் புல்லில் ஒரு குஞ்சு அசையாமல் தட்டையாகப் படுத்திருந்தால் கையில் எடுக்காதீர்கள். அது ஒளிந்திருக்கிறது, தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருக்கும்.