இரண்டு நீதிமன்றங்களில் தோற்ற வழக்கை உயர் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளுமா?

பக்கத்து வீட்டுச் சுவர்த் தகராறில் மேல்முறையீட்டிலும் தோற்றுவிட்டோம், பாரிமுனையில் இருக்கும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம், ஆனால் வாசல் குறுகல். 1976 திருத்தத்துக்குப் பிறகு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் இரண்டாம் மேல்முறையீடு நிற்கும். சுவரை யார் கட்டியது என்பதை உயர் நீதிமன்றம் பொதுவாக மறுபடி கிளறாது. பதிவு செய்யாத பாகப்பிரிவினைப் பத்திரத்தைக் கீழ் நீதிமன்றம் சான்றாக ஏற்றது சரியா? இது சட்டக் கேள்வி. அப்படியொரு கேள்வியை நீதிபதி வகுத்து எழுதினால்தான் வழக்கு விசாரணைக்கு ஏற்கப்படும். ஏற்றவுடனே ஜெயித்த மாதிரி லட்டு வாங்கிவிடாதீர்கள்! இந்த மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யக் கெடு 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் கிடைக்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை நிறுத்திவைக்கும் இடைக்காலத் தடைக்குத் தனி மனு போட வேண்டும்.