இல்வாக்கோ பக்கம் வர்ற தேவிபட்டினம் தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டத ஒருதடவ நானே சொல்லிக்கிறேன், சரியாப் புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. உங்க வீட்டுல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் பசிபிக் கவுன்ட்டியில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு, நாலு வயசுப் பையனோட வர்றீங்க, கொஞ்ச நாள் கழிச்சு சுகர் இருக்கிற அம்மாவும் ஆறு மாசம் வந்து இருப்பாங்க. அது பட்டிக்காட்டுக் கடக்கரை, டாக்டரே கிடைக்காதுன்னு யாரோ சொல்லிட்டாங்க, பயப்படணுமாக்கா, இல்ல நாமளும் கடக்கரைக்காரங்கதானே சமாளிச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

நான் பாம்பன். இங்கன வந்து 14 வருஷம் ஆகுது, அவரு வில்லாப்பா குடாவுல சிப்பி வளக்கிற எடத்துல வேலை பாக்குறாரு, நான் ஸ்கூல் கிச்சன்ல இருக்கேன். பயப்பட ஒண்ணும் இல்ல தம்பி, நிம்மதியா வாங்க. ஆனா "நாமளும் கடக்கரைக்காரங்கதானே"ன்னு சொன்னீங்க பாருங்க, அத மட்டும் ஊருலயே விட்டுட்டு வாங்க, ஏன்னா வந்த புதுசுல நாங்க பட்டதெல்லாம் அந்த நெனப்புனாலதான்.

மொதல்ல மட்டி. இங்க லாங் பீச் மணல்ல ரேசர் மட்டின்னு ஒண்ணு கிடைக்கும், நீளமா விரல் மாதிரி, தோண்டி எடுக்கிறதுக்கு ஊரே திரண்டு போகும், லைசென்ஸ் வாங்கணும், ஒரு ஆளுக்கு மொதல்ல கையில வர்ற 15 தான், சின்னது பெருசுன்னு பொறுக்கவும் கூடாது. இத பாத்ததும் நமக்குக் கை சும்மா இருக்காது. நம்ம ஊருல பேத்தை மீன திங்கக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும், பாத்தாலே அடையாளம் தெரியும், தூக்கிப் போட்டுருவோம். இங்கன அப்படி இல்ல, போன மாசம் நல்லா இருந்த அதே மட்டி இந்த மாசம் விஷமாயிருக்கும், நெறம் மாறாது, வாடை வராது, ருசியும் அப்படியேதான் இருக்கும். கடல்ல கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி பெருகுறப்போ மட்டி தண்ணிய வடிகட்டி அதத் தின்னு உடம்புல சேத்து வச்சுக்குது. அதுல ஒண்ணு டோமோயிக் ஆசிட், ஞாபக சக்தியவே அழிச்சுரும். 1987ல கனடாவுல பிரின்ஸ் எட்வர்ட் தீவுல மஸல்ங்கிற ஒருவகை மட்டி சாப்பிட்டு நூறு பேருக்கு மேல படுத்து, சிலர் செத்தும் போனாங்க, அப்பதான் இந்த விஷத்தையே கண்டுபிடிச்சாங்க. இந்தக் கடக்கரையில 1991ல வந்துச்சு, அதுல இருந்து மட்டிய டெஸ்ட் பண்ணிப் பாத்து, விஷம் 20 பி.பி.எம்.ஐ, அதாவது பத்து லட்சத்துல 20 பங்க எட்டிருச்சுன்னா கடக்கரையவே மூடிருவாங்க. இன்னொரு விஷம் உதடும் விரலும் மரத்துப் போறதுல ஆரம்பிச்சு மூச்சையே நிறுத்திரும், அதுக்கு மாத்து மருந்து கிடையாது, ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மெஷின் வச்சுக் காப்பாத்துறதுதான். 2024 மே மாசம் பக்கத்து ஓரிகன் கடக்கரையில மஸல் பொறுக்கித் தின்ன இருபது பேருக்குக் கொறையாம இதுல மாட்டுனாங்க.

இதுல நமக்கு என்ன ஆபத்துன்னா, நம்ம அம்மாங்க சொல்லிக் கொடுத்தது "நல்லா கொதிக்க விட்டா ஒண்ணும் செய்யாது"ன்னு. இந்த ரெண்டு விஷமும் கொதிக்க வச்சாலும் போகாது, ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. சிப்பியில வெயில் காலத்துல வர்ற விப்ரியோ கிருமின்னா வேகவச்சா செத்துரும், அதனால பச்சையா மட்டும் திங்காதீங்க, இங்க ஆளுங்க எலுமிச்சை பிழிஞ்சு அப்படியே முழுங்குவாங்க, வேலை பாக்குற எடத்துல மரியாதைக்குக் கொடுத்தா "எங்க ஊருல வேகவச்சுத்தான் தின்போம்"னு சொல்லிருங்க, யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நண்டும் அப்படித்தான், டஞ்சினஸ் நண்டு சதை பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், விஷம் சேர்றது வயித்துல இருக்கிற அந்த மஞ்சக் கூழுல. ரசத்துக்கு முழு நண்டையும் தட்டிப் போடுற பழக்கம் இருந்தா விட்டுருங்க, மொதல்ல ஓட்டப் பிரிச்சுக் கழுவி எடுத்துட்டு அப்புறம் அடுப்புல வைங்க. மட்டி தோண்டப் போற அன்னைக்குக் காலையில மாநில சுகாதாரத் துறையோட மேப்ப ஒருவாட்டி பாத்துட்டுத்தான் கிளம்பணும், நேத்து பாத்தேனேங்கிறது கணக்குல வராது.

அடுத்தது கடல்ல இறங்குறது. நமக்கு வடகடல் பொம்பளக் கடல், தென்கடல் ஆம்பளக் கடல், ஆம்பளக் கடலே நம்மள ஒண்ணும் பண்ணாதுன்னு வளந்தவங்க. இது அந்த ரெண்டுலயும் சேராது தம்பி. கோடையிலயும் தண்ணி நம்ம ஊரு ஃப்ரிட்ஜ் தண்ணி மாதிரி இருக்கும், நல்லா நீச்சத் தெரிஞ்சவனுக்கும் கொஞ்ச நேரத்துல கை கால் வெறச்சு நீந்த வராது. அம்புட்டு நேரம் அமைதியா இருந்துட்டுத் திடீர்னு ஒரு அலை மேட்டுமணல் வரைக்கும் ஏறி வந்து ஆள இழுத்துரும், கரையில கிடக்கிற பெரிய மரக்கட்டை அந்த அலையில உருண்டு வந்து நசுக்கிரும். பையனக் கடலுக்கு முதுகு காட்டி நிக்க விடாதீங்க, அந்தக் கட்டை மேல ஏறி விளையாடவும் விடாதீங்க.

தண்ணி. நம்ம ஊருல ஊத்து தோண்டி அகப்பையால மொண்டு கொடத்துல சேத்தவங்க நாம, தள்ளுவண்டியில கொடம் வச்சுத் தள்ளுன கை இது, வாயில வச்சு உப்புக் கரிக்கலன்னா அது நல்ல தண்ணி, அம்புட்டுத்தான் நம்ம பரிசோதனை. இங்க டவுனத் தாண்டி வீடு பிடிச்சீங்கன்னா பெரும்பாலும் சொந்தக் கெணறும் செப்டிக் டேங்கும்தான் இருக்கும், தண்ணி கல்கண்டு மாதிரி இனிக்கும், ஆனா மழை காலத்துல நெலத்தடித் தண்ணி மேல ஏறுறப்போ செப்டிக் கழிவு அதுல கலந்தா நாக்குக்குத் தெரியாது. வருஷம் ஒருதடவ காலிஃபார்ம்ங்கிற கிருமி, கழிவுலயும் உரத்துலயும் இருந்து கலக்கிற நைட்ரேட் ரெண்டுக்கும் லேப்ல கொடுத்துப் பாக்கணும், வாடகை வீடுன்னா கடைசியா எப்ப டெஸ்ட் பண்ணீங்கன்னு ஓனர்ட்ட கேட்டு காகிதத்தப் பாத்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. கைப்புள்ள இருக்கிற வீட்டுக்கு நைட்ரேட் ரொம்ப முக்கியம்.

இப்ப நீங்க கேட்ட ஆஸ்பத்திரி. டாக்டரே இல்லங்கிறது பொய்யி. கவுன்ட்டி மொத்தத்துக்கும் ஏறக்குறைய 23,000 பேர்தான், அதுல பத்துக்கு மூணு பேர் 65 வயசு தாண்டினவங்க, சவுத் பெண்ட்ல ஒண்ணு, இல்வாக்கோல ஒண்ணுன்னு ரெண்டு சின்ன ஆஸ்பத்திரி. கிராமப்புறத்துக்குன்னு தனி வகையில நடக்கிற ஆஸ்பத்திரி இது, 25 படுக்கைக்கு மேல வைக்கக்கூடாதுன்னு விதியே இருக்கு. காய்ச்சல், எலும்பு முறிவு, தையல் எல்லாம் நல்லாவே பாப்பாங்க, நெஞ்சு அடைப்பு, மூளை ரத்தக்கசிவுன்னா மொதல் வைத்தியம் பண்ணிட்டு வெளிய அனுப்புவாங்க. பெரிய ஊருன்னா போர்ட்லண்டுதான், ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். வந்து மூணாவது வருஷம், டிசம்பர் மாசம், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவரு நெஞ்சு கரிக்குதுன்னாரு, வாயுப் பிடிப்புன்னு நெனச்சு பூண்டும் பெருங்காயமும் கொடுத்தேன், அவரும் காலையில பாத்துக்கலாம்னாரு, ஊரா இருந்தா பக்கத்து வீட்டு அண்ணன எழுப்பி வண்டி எடுத்துருப்போம், இங்க பக்கத்து வீடே கால் மைல் தள்ளி, அந்த நேரத்துல யாரக் கூப்பிடன்னு தயங்கித் தயங்கி மூணு மணி நேரத்த விட்டுட்டேன். வேர்த்துக் கொட்டுனதும்தான் 911ங்கிற அவசர நம்பர அடிச்சேன். ஆம்புலன்ஸ்ல வந்தவங்க நல்ல மனுஷங்க, சின்ன ஆஸ்பத்திரியில ஊசி போட்டு ஹெலிகாப்டருக்குச் சொன்னா, மூடுபனி, எறங்க முடியாதுன்னுட்டாங்க, ரோட்டுலயே கொண்டு போனாங்க. பொழச்சுக்கிட்டாரு, ஆனா இதயத்துல ஒரு பக்கம் தசை செத்துப் போச்சு, அந்த மூணு மணி நேரம் என்னோடது. அதனால சொல்றேன் தம்பி, தூரத்த நம்மால கொறைக்க முடியாது, நம்ம தயக்கத்தத்தான் கொறைக்க முடியும். நெஞ்சு, மூச்சு, வாய் கோணுறது, இதுக்கெல்லாம் யோசிக்கவே யோசிக்காம 911. காசில்லன்னாலும் எமர்ஜென்சியில பாத்துத்தான் ஆகணும்னு 1986லயே சட்டம் இருக்கு, பில்லு பின்னால வரும், அதப் பின்னால பேசிக்கலாம்.

அவசரம் இல்லாத வைத்தியத்துக்கு, வேலை உறுதியான அன்னைக்கே குடும்ப டாக்டர்ட்ட பேரு பதிஞ்சுருங்க. நம்ம ஊரு மாதிரி காய்ச்சல் வந்தப்புறம் டோக்கன் போட முடியாது, புது ஆளுன்னா மாசக்கணக்குல தேதி தள்ளிப் போகும், எனக்கு ஒரு கிளினிக்ல நாலு மாசம் ஆச்சு. பல்லு டாக்டருக்கு இதவிட மோசம், சொத்தைப் பல்லு எதுனாலும் ராமநாதபுரத்துலயே முடிச்சுட்டு ஏறுங்க. என் ரெண்டாவது பிரசவத்துக்கு கொலம்பியா ஆத்துப் பாலத்தத் தாண்டி அஸ்டோரியா போனேன், நாலு மைலுக்கு நீளும் அந்தப் பாலம், காத்தடிச்சா வண்டி ஆடும். பாம்பன் பாலத்தத் தாண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன எங்கம்மா கதைதான் நெனப்புல வந்துச்சு. ஒரே வித்தியாசம், இந்தப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற மாநிலம், ஓரிகன், உங்க இன்சூரன்ஸ் அங்க செல்லுமான்னு கையெழுத்துப் போடுறதுக்கு முந்தியே உங்க வீட்டுல கேக்கச் சொல்லுங்க.

உங்க வீட்டுல வேலைக்குச் சேர்றப்போ காசநோய் டெஸ்ட் கேப்பாங்க. நமக்கெல்லாம் பி.சி.ஜி.ங்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதுனால தோல்ல குத்திப் பாக்கிற டெஸ்ட் நோய் இல்லாமலே வீங்கிக் காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, மாத்திரைன்னு அலையணும், ரத்த டெஸ்ட் எடுங்கன்னு மொதல்லயே கேட்டு வாங்கிக்கங்க. பையனுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டது தட்டம்மையும் ரூபெல்லாவும் சேர்ந்த எம்.ஆர். ஊசி, இங்க ஸ்கூல்ல கேக்கிறது எம்.எம்.ஆர்., அதுல பொன்னுக்குவீங்கியும் சேரும், அதோட சின்னம்மைக்கு ரெண்டு ஊசி. பிள்ளைங்களுக்கு இந்த மாநிலத்துல தடுப்பூசி மருந்துக்குக் காசு கிடையாது. ஊசி வேணாம்னு இருக்கிற வீடும் இங்க உண்டு, 2012ல கக்குவான் இருமல் மாநிலம் முழுக்கப் பரவி கொள்ளைநோய்னே அறிவிச்சாங்க, அதனால நீங்க ரெண்டு பேரும் சேர்த்துப் போட்டுக்கங்க.

அம்மாவுக்கு ஊருல மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை வாசலுக்கே வந்துருக்கும், இங்கன அப்படி யாரும் வரமாட்டாங்க. விசிட்டர் இன்சூரன்ஸ்ல பழைய சுகருக்குப் பெரும்பாலும் பணம் தரமாட்டாங்க, வாங்குறப்போ அந்த வரியத் தேடிப் படிங்க. மாத்திரை 90 நாளுக்கு மேல கொண்டு வரக்கூடாதுங்கிறது பொது விதி, அதனால ரெண்டாவது மாசமே இங்க ஒரு டாக்டரப் பாத்து சீட்டு வாங்கிருங்க, மெட்ஃபார்மின் மாதிரி பழைய மாத்திரை இங்கயும் விலை கம்மிதான். ஆஸ்பத்திரியில "தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்"னு கேளுங்க, ஃபோன்லயோ வீடியோவுலயோ காசில்லாம பிடிச்சுத் தருவாங்க, அம்மா தன் நோவ தன் வாயால சொல்லட்டும், மகன்ட்ட சொல்லக் கூச்சப்படுறது எவ்வளவோ இருக்கும்.

மழை. நம்ம ராமநாதபுரத்துல ஒரு வருஷம் பெய்யுறது போல ரெண்டு மடங்குக்கு மேல இங்க பெய்யும், அக்டோபர்ல மூடுன வானம் மே மாசம்தான் தெறக்கும். செவத்துல பூஞ்சை பிடிக்கும், பையனுக்கு இளைப்பு இருந்தா ஈரத்த உறிஞ்சுற மெஷின் மொத மாசமே வாங்கிருங்க. அதவிட மனசுதான் தம்பி. நாலரை மணிக்கு இருட்டிரும், பேச ஆள் இருக்காது, எனக்கு ரெண்டாவது குளிர் காலத்துல காரணமே இல்லாம அழுகை வரும், சமைக்கப் பிடிக்காது, அவருட்ட கூடச் சொல்லல. நம்ம பக்கம் இதச் சொன்னா ஏர்வாடிக்குக் கூட்டிட்டுப் போவாங்களோங்கிற பயம் மனசுல ஆழமாக் கெடக்கு, 2001ல அங்க மனநோய்க்குன்னு கொண்டுபோய் விட்டு, சங்கிலியில கட்டிக் கெடந்த 28 பேரு தீயில போனத நம்ம ஜில்லாக்காரங்க யாரும் மறக்கல. ஸ்கூல்ல கூட வேலை பாக்குற ஒரு அம்மாதான் என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போச்சு, வைட்டமின் டி ரொம்பக் கொறஞ்சு கெடந்துச்சு, அதுக்கு மாத்திரை, கூட ஆறு மாசம் கவுன்சிலிங், தேறிட்டேன். மனசு தாங்கலன்னா கூப்பிட 988ன்னு ஒரு நம்பர் இருக்கு, 2022ல இருந்து, ராத்திரி எந்நேரமும் பேசலாம். வேலைக்குப் போறவங்களவிட வீட்டுல இருக்கப் போற உங்களுக்குத்தான் இது முக்கியம்.

போதை மாத்திரையால சாவு இங்க நெறைய, சின்ன ஊருன்னு தப்பிக்கல, அந்த மாத்திரை மிஞ்சி மூச்சு நிக்கிறவங்களுக்கு மூக்குல அடிக்கிற நலோக்ஸோன் ஸ்ப்ரே மருந்துக்கடையில சீட்டில்லாமலே கிடைக்கும், ஒண்ணு வண்டியில வச்சுக்கங்க.

கடைசியா, பூமி ரொம்ப நேரம் ஆடுச்சுன்னா சைரனுக்கு நிக்காம மேட்டுக்கு நடங்க. 1700 ஜனவரியில இங்க பெரிய நிலநடுக்கம் வந்து சுனாமி ஏறிருக்கு, திரும்ப வரும்னுதான் சொல்றாங்க, கரைக்கு வர இருபது நிமிஷம் மாதிரிதான் ஆகும். 1964 புயல்ல தனுஷ்கோடியில சொந்தத்தப் பறிகொடுத்த குடும்பம் எங்களது, எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் மேட்டுலதான் படுக்கும். ரெண்டு வாரத்துக்கு வேண்டிய தண்ணி, அரிசி, மாத்திரை தனியா எடுத்து வைக்கச் சொல்லி மாநிலமே சொல்லுது, அம்மா வந்தப்புறம் அவங்க சுகர் மாத்திரையையும் அந்தப் பையில சேர்த்துருங்க.

டிக்கெட் போட்டதும் தேதிய சொல்லுங்க, போர்ட்லண்டு ஏர்போர்ட்டுக்கு அவரு வண்டி எடுத்துட்டு வருவாரு. பையனோட தடுப்பூசி அட்டைய பெட்டியில போட்டுறாதீங்க, கைப்பையில வைங்க, அதுல டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கணும், இல்லன்னா ஏறுறதுக்கு முந்தி போய் வாங்கிருங்க.