தைரொக்சின் குளிசையும் விடியக் கோப்பியும்

தங்கச்சி, தைரொயிட் குறைவுக்குத் தந்த தைரொக்சின் ஒரு நாளும் விடாமப் போட்டும் டீஎஸ்எச் (மருந்து காணாட்டிக் கூடி நிக்கிற ரத்தச் சோதனைக் கணக்கு) இறங்குதில்லை, டொக்டர் குளிசை அளவைக் கூட்டப்போறார் எண்டு களுவாஞ்சிக்குடியில இருந்து எழுதியிருக்கீங்க. எனக்குக் கண்ணில பட்டது ஒண்டுதான்: "விடியக் கோப்பியோடயே குளிசையும் போட்டிருவன்."

அங்கதான் பிழை இருக்கலாம். கோப்பி அந்தக் குளிசையைக் குடல் உறிஞ்சிறதைக் குறைக்கும். பால்மா போட்டா அதில உள்ள கல்சியமும் சேர்ந்து மறிக்கும். நானும் ரெண்டு வருசம் இதே கூத்துத்தான். கிளினிக்கில எதோட குடிக்கிறீங்க எண்டு ஒருத்தரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல.

வெறும் வயித்தில, பச்சைத் தண்ணியோட போடுங்க. 60 நிமிசம் கழிச்சுத்தான் கோப்பி. வயலுக்குப் போற வீட்டில நாலரைக்கே அடுப்பு மூட்டினா அந்த மணித்தியாலம் வதைதான், மணம் மூக்கைத் துளைக்கும். ஏலாட்டி, ராச்சாப்பாடு முடிஞ்சு 3 மணித்தியாலத்துக்குப் பிறகு, படுக்கிற நேரம் போடலாமா எண்டு டொக்டரிட்டக் கேளுங்க. இரும்புச்சத்து, கல்சியம் குளிசை இருந்தா 4 மணித்தியாலம் தள்ளி.

மறுகா, அளவைக் கூட்ட முதல் இந்தக் கோப்பிக் கதையை அவரிட்டச் சொல்லுங்க. அளவும் கூடி நேரமும் மாறினா மருந்து மிஞ்சி நெஞ்சு படபடக்கும். மாத்தி 6 தொடக்கம் 8 கிழமைக்குப் பிறகு ரத்தம் சோதிச்சாத்தான் வித்தியாசம் தெரியும். சுக்குப் போட்ட வெறுங்கோப்பிக்கும் இதே கணக்குத்தான்.