கனடாவின் சாஸ்கடூனில் உள்ள வனுஸ்கேவின் பூர்வகுடிப் பூங்கா போய்ப் பார்க்கத் தகுந்ததா, இல்லை வெறும் புல்லும் கல்லும்தானா?

அந்த ‘வெறும்’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை எங்கே கூட்டிப் போவது என்ற கவலையில் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தாராளமாகக் கூட்டிப் போங்கள். நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டினால் வந்துவிடும்.

காரிலிருந்து பார்த்தால் வயலும் வானமும்தான். கட்டடத்துக்குப் பின்னால் நடந்தால் தரை சட்டென்று பள்ளத்தாக்காக இறங்கும். கீழே ஓபிமிஹா ஓடை, தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றில் போய்ச் சேர்கிறது. மேலே முகத்தில் அறைகிற காற்று உள்ளே இறங்கினால் அடங்கிவிடும். தண்ணீர், விறகு, காற்றுக்கு மறைப்பு எல்லாம் ஒரே இடத்தில். பைசன் எனும் காட்டெருமை மந்தையைச் செங்குத்துச் சரிவில் விரட்டி வீழ்த்தவும் வசதி. சமவெளிப் பூர்வகுடிகள் 6,000 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே வந்து தங்கியதற்கு வேறு காரணம் வேண்டுமா? மேட்டில் கற்களை வட்டமாக அடுக்கிய ‘மெடிசின் வீல்’ ஒன்றும் உண்டு. சுமார் 1,500 ஆண்டுப் பழமை. அந்தக் கற்களைத் தொடவோ நகர்த்தவோ வேண்டாம்.

என் மாமனார் வந்தபோது, ‘இதுக்கா பெட்ரோல் போட்டு வந்தோம்’ என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எங்களோடு நடந்த வழிகாட்டி, க்ரீ என்ற பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு பெண். ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப் பிறகு 2019 டிசம்பரில் பைசன்களை இங்கே திரும்பக் கொண்டுவந்தார்களாம். மறு ஆண்டே அவை மண்ணில் புரண்ட இடத்தில் ஒரு கல் வெளியே தெரிய, அதில் கோடுகள் இருப்பதைத் தொல்லியலாளர் எர்னி வாக்கர் கவனித்திருக்கிறார். தோண்டியதில் செதுக்கப்பட்ட கற்கள் நான்கு. 1980களிலிருந்து ஆய்வு நடக்கும் இடத்தில், மாடு புரண்டு கிடைத்த புதையல்!

மாமனார் அந்தக் காலத்தில் எருமை வளர்த்தவர். “ஈ மொய்ச்சா அப்படித்தான் புரளும்னு சொல்லுங்க மாப்ள” என்றார். சொன்னேன். அதேதான், பூச்சித் தொல்லையும் ஒரு காரணம் என்று சிரித்தார் அந்தப் பெண். அப்புறம் மனிதரை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. வழியில் கிடந்த கல்லையெல்லாம் குனிந்து பார்த்தார்.

பூர்வகுடிகளின் துயரத்தைச் சுற்றுலா ஆக்குகிறாயா என்று யாராவது கருத்துப் பெட்டிக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: பூங்காவைத் திட்டமிட்ட காலத்திலிருந்தே அந்தச் சமூகங்களின் மூத்தோர் சொல் கேட்டுத்தான் நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் கொடுத்துப் போவதில் தப்பில்லை என்பது என் கருத்து.

எனக்குக் கோபம் டொரொண்டோச் சொந்தக்காரர்கள் மேல்தான். “சாஸ்கடூன்ல என்னதான் இருக்கு?” என்று ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்பார்கள். நாங்கள் அங்கே போனால் உடனே நயாகராவுக்கு வண்டியைத் திருப்புவார்கள். திரும்பி ஒருவரும் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. கேட்டால் டிக்கெட் விலையாம். அதே விலையைக் கொடுத்துத்தானே நாங்கள் வருகிறோம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டியோடு நடக்கிற நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாமல் போனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி புல்லும் கல்லும்தான் தெரியும். மே, ஜூனில் உண்ணி அதிகம், பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிவிடுங்கள். அம்மா புடவைதான் கட்டுவேன் என்றால் உயரப் புல்லுக்குள் இறங்காமல் மேட்டுப் பாதையோடு நிறுத்திக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கழுத்து, காதுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.