நகரம் பரவிக்கொண்டே போனால் நிர்வகிப்பது ஏன் கடினம்?

ஒரு ஊரின் வீடுகளும் கடைகளும் நிர்வாக எல்லையைத் தாண்டி, பக்கத்து ஊர்களோடு ஒட்டிக்கொள்வதுதான் நகரப் பரவல். நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் வரை போய்ப் பாருங்கள். ஊர் எங்கே முடிகிறதென்றே தெரியாது, கடை போர்டில் விலாசம்தான் மாறும். ஆனால் நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சி, வில்லுக்குறி பேரூராட்சி, தக்கலை பத்மநாபபுரம் நகராட்சிக்குள், மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சிக்குள்.

வரி வசூல் எல்லையில் நின்றுவிடும். கழிவுநீரும் குப்பையும் நிற்காது. பாகம் பிரித்த பழைய வீடு மாதிரிதான்: அறைகள் அண்ணன் தம்பிக்குத் தனித்தனி, பின்னால் ஓடை ஒன்றே. அடைத்துக்கொண்டால் யார் தோண்டுவது?

பிலிப்பைன்ஸின் மணிலா பெருநகரத்தில் இப்படி 17 உள்ளாட்சிகள்! இங்கே, 1992-இன் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள் உள்ள பெருநகரங்களுக்குப் பெருநகரத் திட்டக்குழுவும், மாவட்டந்தோறும் மாவட்டத் திட்டக்குழுவும் அமைக்கச் சொல்கிறது. குமரிக்குப் பொருந்துவது இரண்டாவது. அது திட்டங்களைத் தொகுக்கும். ஓடையைத் தோண்ட ஆள் அனுப்பாது.

எல்லாவற்றையும் ஒரே மாநகராட்சியாக்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதும் பஸ் அரசுப் போக்குவரத்துக் கழகத்திடமும், தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசிடமும்தான் இருக்கும்.