ஜப்பான் ரயில் பாஸுக்காகச் சீட்டைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: என் மகன் நகோயாவில் வேலை செய்கிறான். நான், கணவர், மகள், எட்டு வயதுப் பேத்தி நால்வரும் நவம்பர் முதல் வாரத்தில் அவனிடம் போகிறோம். இலை நிறம் மாறும் காலம் என்பதால் தக்கயாமா, ஷிரகவாகோ, கனசவா, ஒசாகா என்று மலைப்பக்கம் ஒரு சுற்று வர ஆசை. எல்லோரும் ஏழு நாள் ஜப்பான் ரயில் பாஸ் வாங்கச் சொல்கிறார்கள். அதைச் சேர்த்தால் கையில் இருப்பது போக 60,000 ரூபாய் குறைகிறது. 2 லட்ச ரூபாய் ஏலச் சீட்டு ஒன்று போட்டிருக்கிறேன், 20 மாதத்தில் இது ஒன்பதாவது மாதம். அதை எடுத்துவிடலாமா? (வாசகி, சத்துவாச்சாரி, வேலூர்)

பதில்: எடுக்க வேண்டாம் அம்மா. உங்களுக்குக் குறைகிற 60,000 ரூபாயும் அந்தப் பாஸின் விலைக்குள்ளேயேதான் இருக்கிறது.

நாடு முழுக்கச் செல்லும் ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரேயடியாக 50,000 யென் ஆனது. உங்களுக்குச் சொன்னவர்கள் அதற்கு முன்னால் போய் வந்தவர்களாக இருக்கலாம். அன்றைக்கு அது நல்ல யோசனைதான். இன்று பேத்திக்கு அரைக் கட்டணம் போட்டாலும் நால்வருக்கு 1,75,000 யென் ஆகிறது. 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,05,000 ரூபாய்.

உங்கள் பாதைக்கு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கினால் பெரியவர் ஒருவருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். நகோயாவிலிருந்து தக்கயாமாவுக்கு ஹிடா விரைவு ரயில் சுமார் 6,100 யென். தக்கயாமாவிலிருந்து ஷிரகவாகோ வழியாகக் கனசவாவுக்குப் பேருந்து 4,200 அளவில். கனசவா முதல் ஒசாகா 9,400. ஒசாகாவிலிருந்து கன்சாய் விமான நிலையம் 2,400. ஆக மொத்தம் ஏறக்குறைய 22,100 யென். இதில் ஷிரகவாகோ பேருந்துக்கு நாடு முழுக்கச் செல்லும் பாஸ் செல்லாது. அப்படியானால் 18,000 யென் பயணத்துக்கு 50,000 கொடுக்கிறீர்கள். நடுவில் டோக்கியோ போய் வர ஒரு 22,600 யென் சேர்த்தாலும் 50,000-ஐ எட்டவில்லை.

இந்தச் சுற்றுக்கென்றே தக்கயாமா-ஹொகுரிகு வட்டாரப் பாஸ் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து நாள், 19,800 யென். ஹிடா ரயில், ஷிரகவாகோ பேருந்து, கனசவாவிலிருந்து சுருகா வரை ஷின்கான்சென் என்ற புல்லட் ரயில், அங்கிருந்து தண்டர்பேர்ட் ரயிலில் கியோட்டோ, ஒசாகா, கடைசியில் கன்சாய் விமான நிலையம் வரை எல்லாம் இதற்குள் அடங்கும். நால்வருக்கு 69,300 யென், அதாவது 41,580 ரூபாய். பெரிய பாஸைவிட 63,420 ரூபாய் குறைவு. உங்கள் பற்றாக்குறை இதிலேயே தீர்ந்தது.

ஆனால் இந்தப் பாஸும் லாபம் தருவது ஒரு நிபந்தனையின் பேரில்தான். சுற்றை முடித்து ரயிலில் நகோயாவுக்கே திரும்பி அங்கிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால் விமான நிலைய டிக்கெட் 2,400 யென் கணக்கிலிருந்து போய்விடும். மீதி 19,700 யென். பாஸ் விலை அதைவிட 100 யென் அதிகம், வாங்கிப் பயனில்லை. ஒசாகா-நகோயா ஷின்கான்செனும் பாஸில் கிடையாது, அதற்குத் தனிக் காசு. ஆகவே நகோயாவில் இறங்கி முதல் வாரம் மகன் வீட்டில் இருங்கள், கடைசி ஐந்து நாளைப் பாஸுக்கு ஒதுக்குங்கள், கன்சாயிலிருந்து சென்னைக்குத் திரும்புங்கள். விமான டிக்கெட்டை இன்னும் போடவில்லை என்றால் முதலில் இப்படி விலை பாருங்கள். இந்த வழியில் ஆளுக்கு 2,300 யென் மிச்சம், நால்வருக்கும் சேர்த்து 4,800 ரூபாய் சொச்சம். பெரிய தொகை இல்லை. அதனால் விமான டிக்கெட் இதைவிட அதிகமாக ஏறினால் பாஸை மறந்துவிட்டுத் தனி டிக்கெட்டே எடுங்கள்.

மகனுக்கு இந்தப் பாஸ் கிடைக்காது. குறுகிய காலச் சுற்றுலா அனுமதியில் நுழைகிறவர்களுக்கு மட்டுமே தருவார்கள். பாஸ்போர்ட்டில் விமான நிலையத்தில் ஒட்டும் அனுமதிச் சீட்டைக் காட்டித்தான் வாங்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர் உங்களோடு வந்தால் அவருக்கு முழுக் கட்டணம். அக்டோபரில் உள்ளூர்வாசிகளும் வாங்கக்கூடிய மூன்று நாள் இலையுதிர் காலப் பாஸ் 7,850 யென்னுக்கு வரும், ஆனால் அது சாதாரண ரயில்களுக்கு மட்டும். உங்கள் தேதிக்குள் அது முடிந்துவிடும்.

பாஸில் பணம் வீணாகும் இடங்கள் சில. ஐந்து நாள் என்பது 120 மணி நேரம் இல்லை, தேதிக் கணக்கு. இரவு எட்டு மணிக்குத் தொடங்கினாலும் அன்றைக்கு ஒரு நாள் போனது போனதுதான். உபயோகிக்கத் தொடங்கிய பாஸுக்குப் பணம் திரும்பாது. பெயரில் கவனம் தேவை. நம் ஊரில் இனிஷியலோடு எழுதிப் பழகிவிட்டோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து இருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே பாஸிலும் இருக்க வேண்டும். ஷிரகவாகோவிலிருந்து கனசவா போகும் பேருந்துகளில் முன்பதிவு கேட்பவை உண்டு, இலை சிவக்கும் வாரத்தில் இடம் நிரம்பிவிடும். பாஸ் இருக்கிறது என்று நம்பி வரிசையில் நின்றால் பேத்தியோடு அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். நவம்பர் 3 அங்கே பொது விடுமுறை, அன்று மலைப்பக்கம் போகாதீர்கள். பெரிய பெட்டிகளை நகோயாவிலிருந்து ஒசாகா விடுதிக்குக் கூரியரில் முதல் நாளே அனுப்பிவிட மகனிடம் சொல்லுங்கள். ஷிரகவாகோவில் காசு போடும் லாக்கர் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

ஹிடா ரயிலில் ஏறியதும் இருக்கைகள் எல்லாம் பின்பக்கம் பார்த்து இருக்கும். தவறான பெட்டி என்று பதற வேண்டாம். ஜிஃபு நிலையத்தில் ரயில் திசை மாறும், அதற்குப் பிறகு நேராகத்தான் போகும்.

பணம் கட்டும்போது ஒன்று. கிரெடிட் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால் 41,580 ரூபாய்க்கு 1,700 ரூபாய்க்கு மேல் போகும். யென் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டின் விலையோடு ஒப்பிட்டு, மலிவானதில் கட்டுங்கள். ரூபாயிலா யென்னிலா என்று கடை இயந்திரம் கேட்டால் யென் என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை அவர்கள் வைப்பார்கள். எல்லாவற்றையும் ஏஜென்டிடம் ஒரே பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அது திரும்பக் கிடைக்கும் என்றாலும் பயணத்துக்கு முன்னால் பணம் முடங்கும்.

சீட்டுக்கு வருகிறேன். ஒன்பதாவது மாதம் 35,000 ரூபாய் தள்ளினால் கையில் 1,65,000 வரும். உங்களுக்கு வேண்டியது 60,000. மீதி ஒரு லட்சத்துக்கு மேல் சும்மா வைத்திருக்க அவ்வளவு தள்ளு கொடுக்கிறீர்கள், ஜாமீன் கையெழுத்துக்கு இரண்டு பேரைத் தேட வேண்டும், பாக்கிப் பதினொரு மாதத் தவணையும் கட்டியாக வேண்டும். விடுங்கள். வழக்கம்போல மாதம் கட்டிக்கொண்டு வாருங்கள், கடைசிச் சில மாதங்களில் தள்ளு சிறியதாகும்போது எடுத்துக்கொள்ளலாம். யென் ஏறினால் என்ன செய்வது என்ற கவலைக்கு 4,000 ரூபாய் ஒதுக்கி வைத்தால் போதும். 100 யென் 65 ரூபாய் ஆனாலும் பாஸ் செலவு 45,045 ரூபாயில் நிற்கும். பாஸ் விலையை மட்டும் பணம் கட்டும் அன்று ஜப்பான் ரயில் நிறுவனமான ஜே.ஆர்.-இன் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, மேலே போட்ட கூட்டலை மறுபடி போட்டுப் பாருங்கள்.