முட்டி வலியால் இரவில் தூக்கம் வரவில்லை. படுக்கும் முன் செய்ய எளிய யோகா இருக்கிறதா?

55 வயது, காலையில் எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது, இரவு 1 மணி வரை புரள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் அம்மா ஞாபகம்தான் வந்தது. அவருக்குப் பலன் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன்.

நாங்கள் வேலூர் மாவட்டம் குடியாத்தம். அம்மா 30 வருடத்துக்கு மேல் பீடி சுற்றியவர். மடியில் முறத்தை வைத்துக் காலை மடக்கி உட்கார்ந்தால், மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்ற கணக்கில், எழுந்து நாலடி நடந்தால்கூட அன்றைய எண்ணிக்கை குறையும். இடுப்பு, கழுத்து, விரல்கள் என்று ஒவ்வொன்றாக வலிக்க ஆரம்பித்து, கடைசியில் முட்டி தூக்கத்தையே கெடுத்துவிட்டது.

முதலில் ஒரு யோகா வகுப்பில் சேர்த்துவிட்டேன். எல்லோரோடும் சேர்த்து அவரையும் வஜ்ராசனத்தில், அதாவது முட்டி போட்டுக் குதிகால்மேல் உட்கார வைத்தார்கள். மறுநாள் வலது முட்டி வீங்கிவிட்டது. இன்றுவரை எனக்கு ஆறாத விஷயம் அது. தேய்ந்த முட்டியை முழுதாக மடக்கி, அதன்மேல் உடம்பு பாரத்தை ஏற்றக் கூடாது. வஜ்ராசனம், பத்மாசனம் இரண்டையும் நீங்கள் விட்டுவிடுங்கள். தரையில் உட்காரவும் வேண்டாம், கட்டிலே போதும்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலை இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சுற்று. விரல்களை மூடி மூடித் திறப்பது. அப்புறம் மல்லாந்து படுத்து, குதிகாலை மெத்தையில் தேய்த்தபடியே இழுத்து, வலிக்காத அளவுக்கு மட்டும் மடக்கி நீட்ட வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். ஆனால் மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. மூட்டு அசைந்து, அமுங்கி விரியும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே நன்றாகப் போய்வரும். பல மணி நேரம் மடக்கியே வைத்திருந்த காலுக்கு இந்த மெதுவான அசைவு எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து ஒரு காலை மட்டும் மார்புப் பக்கம் கொண்டுவருவது. முட்டிமேல் கையைப் போட்டு அழுத்தாமல், தொடைக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். கை எட்டாவிட்டால் ஒரு துண்டைச் சுற்றி இழுக்கலாம். இடுப்புக்கு இது ரொம்ப இதம்.

பிறகு விபரீதகரணி, அதாவது சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது. முட்டி லேசாக மடங்கியிருந்தால் பரவாயில்லை, 5 நிமிடம் போதும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். வேலூரையே வெயிலூர் என்கிறோம். கத்திரியில் பகல் முழுக்கக் காய்ந்த மேற்குச் சுவர் ராத்திரி 10 மணிக்கும் அனலாக இருக்கும். அதில் காலை வைத்தால் எங்கே தூக்கம் வரும்? தூக்கம் பிடிக்க உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். நாங்கள் கட்டிலை நடு அறையின் உள்சுவர்ப் பக்கம் மாற்றிப் போட்டோம். மொட்டை மாடியில் படுக்கிற நாளில் சாயங்காலமே தரையில் தண்ணீர் தெளித்து வைப்போம். கண் அழுத்த நோயோ, கட்டுப்படாத ரத்தக் கொதிப்போ இருந்தால் இந்த ஆசனத்தை மட்டும் டாக்டரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கடைசியாகச் சவாசனம், அதாவது உடம்பைத் தளரவிட்டு மல்லாந்து படுப்பது. முட்டிக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு, நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட வேண்டும். விடும் மூச்சு நீளமானால் நெஞ்சுத் துடிப்பு நிதானமாகும். முதல் நாள் அம்மா, "இன்னாடி இது, சும்மா படுத்துக்கினு இருக்கறதுக்குப் பேரு யோகாவா?" என்று கேட்டார். இரண்டு வாரம் பெரிதாக எதுவும் மாறவில்லை. அதற்குப் பிறகுதான் நடுராத்திரியில் எழுந்து உட்காருவது குறைந்தது. முட்டி வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் காலையில் சுவரைப் பிடிக்காமல் வாசல் தெளிக்கப் போகிறார்.

சாப்பாட்டுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். முட்டி வீங்கிச் சூடாக இருந்தால் எதுவும் செய்யாமல் டாக்டரைப் பாருங்கள்.

இப்போதெல்லாம் மூச்சை எண்ணும்போதே அம்மா தூங்கிவிடுகிறார். இரவு முழுக்கத் தலையணையை முட்டிக்கு அடியில் விட்டால் கால் மடங்கியே பழகிவிடும். அதனால் விளக்கை அணைக்கும் முன் நான் போய் அதை மெதுவாக உருவிவிடுவேன்.